கோயில்களுக்கு வேதியியல் படித்தவர்கள் வேண்டும்: அறநிலையத் துறை ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்து சமய அறநிலையத் துறை ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். துறையின் பணியிடப் பட்டியலில் ‘கலைப்பொருள் பாதுகாப்பாளர்’ என்ற நிரந்தரப் பணியிடத்தை உருவாக்க வேண்டும், அந்தப் பணிக்கான முதுநிலைப் படிப்பைத் துறையின் கல்லூரி ஒன்றிலேயே தொடங்க வேண்டும் என்று கேட்டு இந்த மடலை எழுதுகிறேன். இரண்டும் வேண்டும். எது முதலில் என்று கேட்டால், பணியிடம்தான் முதலில். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நான் வேதியியல் முதுகலை படித்தவன். ஊர் காவிரிக் கரை. கன்சர்வேஷன், அதாவது கலைப்பொருள் பாதுகாப்பு, படிக்க வடக்கே போய்த் திரும்பினேன். ஓலைச்சுவடி, சுவரோவியம், உலோகத் திருமேனி என எந்த வேலை வருகிறதோ அதை ஒப்பந்த அடிப்படையில் செய்து வருகிறேன். கல்லூரிச் சேர்க்கை நேரம் வந்தால் யாராவது ஒரு மாணவியோ மாணவனோ போன் செய்து, “சார், நீங்க பாக்குற வேலைக்கு என்ன படிக்கணும்?” என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லிவிடலாம். அப்புறம் போன் அப்பாவின் கைக்குப் போகும். “படிச்சு முடிச்சா தமிழ்நாட்டுல எங்கங்க வேலை?” என்பார். அதற்கு நேர்மையாகச் சொல்லக்கூடிய பதில் என்னிடம் மிகச் சிறியதாகத்தான் இருக்கிறது. அது பெரிதாவது உங்கள் கையில் இருக்கிறது என்று நம்புவதால்தான் பல்கலைக்கழகங்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இந்தப் படிப்பு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய பொருளைப் பளபளப்பாக்கித் தருகிற வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். ஒரு பொருள் எதனால் ஆனது, எதனால் அழிகிறது என்று கண்டுபிடித்து அந்த அழிவை நிறுத்துவதற்கான படிப்பு இது. வேதியியல் இதற்கு அடிப்படை. சுவடியைத் தின்னும் பூச்சியையும் பூஞ்சையையும் தெரிந்துகொள்ள உயிரியல் வேண்டும். வெளிச்சமும் ஈரப்பதமும் என்ன செய்யும் என்று அறிய இயற்பியல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே கைப்பழக்கம் வேண்டும். ஈர்க்குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஓவியத்தின் ஓரத்தில் ஒரு விரல் நக அளவு இடத்தை நாள் முழுக்கச் சுத்தம் செய்கிற பொறுமை வேண்டும். தொடுவதற்கு முன்னால் பொருளின் நிலையைப் படமும் எழுத்துமாகப் பதிவு செய்ய வேண்டும். இன்று நாம் சேர்க்கிற எதையும் நாளை வருகிறவர் பொருளுக்குச் சேதமில்லாமல் எடுக்க முடிய வேண்டும். இந்த ஒழுக்கத்தை மாணவருக்குள் ஏற்றுவதற்கே ஒரு வருடம் ஆகும்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930ஆம் ஆண்டிலேயே இதற்கென ஒரு வேதியியல் ஆய்வகம் வந்துவிட்டது. அங்கிருந்த வெண்கலத் திருமேனிகளை ஒரு நோய் அரித்துக்கொண்டிருந்தது. அதைத் தீர்க்க வந்தவர் டாக்டர் எஸ். பரமசிவன். மின்பகுப்பு முறையில் அந்தத் திருமேனிகளுக்குச் சிகிச்சை செய்தார். பிறகு தஞ்சைப் பெரிய கோயில், சித்தன்னவாசல் என்று போய், ஓவியங்களின் பூச்சையும் நிறங்களையும் ஆய்வகத்தில் பகுத்து, அவை எப்படித் தீட்டப்பட்டன என்று எழுதினார். இந்தியாவில் இந்தத் துறையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் ஒரு தமிழர், அதுவும் சென்னையில், ஏறத்தாழ நூறு வருடங்களுக்கு முன்னால். எங்கள் கல்லூரி வேதியியல் வகுப்பில் ஒருநாள்கூட அவர் பெயர் சொல்லப்படவில்லை. இன்றைக்கு வேதியியல் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். மருந்து கம்பெனி, பெயின்ட் கம்பெனி, இல்லையென்றால் பி.எட். இந்த மூன்றைத் தாண்டி அவர்களுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை.

அவர் பார்த்த அதே நோய் இன்றும் நம் கோயில்களில் இருக்கிறது. வெண்கல நோய் என்போம். நல்ல நிலையில் உள்ள திருமேனியின் மேல் படிந்த களிம்பு இறுகி வழவழப்பாக இருக்கும். அது உலோகத்தைப் போர்வை போல மூடிக் காக்கிறது, அதைச் சுரண்டவே கூடாது. நோய் பிடித்த இடம் வேறு மாதிரி. பாதத்தின் மடிப்பிலோ பீடத்தின் அடியிலோ கடுகளவுக்கு ஒரு வெளிர்பச்சைப் புள்ளி தெரியும். ஊசி முனையால் தொட்டால் மாவாக உதிரும். உதிர்ந்த இடத்தில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் சிறு பள்ளம் இருக்கும். துடைத்துச் சுத்தமாக்கி வைத்துவிட்டு ஐப்பசி மழைக்குப் பிறகு வந்து பாருங்கள், அதே பள்ளத்தில் மறுபடி மாவு கட்டியிருக்கும். உள்ளே உலோகத்தை ஒட்டிக் குளோரைடு உப்பு உட்கார்ந்திருப்பதே காரணம். ஈரமும் காற்றும் பட்டதும் அது அமிலத்தை உண்டாக்குகிறது. அமிலம் செம்பைத் தின்கிறது. தின்றதிலிருந்து மறுபடி அதே உப்பு உருவாகிறது. வெளியிலிருந்து இன்னும் உப்பு வரவேண்டும் என்றுகூட இல்லை. ஈரம் இருக்கும்வரை ஓயாது.

உப்பு எங்கிருந்து வந்தது? படையெடுப்புக் காலங்களில் மண்ணில் புதைத்து வைத்து, பிற்பாடு கிடைத்த திருமேனிகள் நம்மிடம் ஏராளம். மண் உவர்மண்ணாக இருந்தால் நூற்றாண்டுக் கணக்கில் உப்பு ஊறியிருக்கும். நாகப்பட்டினத்தில் 1856 முதல் கிடைத்த பௌத்த வெண்கலங்கள் சுமார் 350; கடலோர மண்ணில் கிடந்தவை. புதையாத திருமேனிக்கும் ஆபத்து உண்டு. கிணற்றுத் தண்ணீர் போய், கடலோர ஊர்களில் உவர் ஏறிய போர்வெல் தண்ணீரில் அபிஷேகம் நடக்கிறது. அபிஷேகம் முடிந்து துணியால் ஒற்றி, மடிப்புகளில் ஈரம் நிற்காமல் பார்த்து, காற்றாட வைத்துவிட்டு அலங்காரம் செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். பட்டுத் துணிக்குள்ளும் மாலைக்குள்ளும் ஈரத்தோடு இருந்தால் நோய்க்கு வசதி. புளி போட்டுத் தேய்ப்பது போதாதென்று கடையில் விற்கும் பாலிஷ் பொடியும் வந்துவிட்டது. சோழர் கால முகங்களில் புருவமும் உதட்டு விளிம்பும் மழுங்கிப் போயிருப்பதைப் பல ஊர்களில் பார்க்கிறேன். குருக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் பக்தியோடு தேய்க்கிறார். இதைப் பற்றி அவரிடம் யாராவது உட்கார்ந்து பேசியிருக்கிறார்களா?

இங்கே அருங்காட்சியகப் பாடப்புத்தகம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். வெண்கல நோய்க்குப் பென்சோட்ரையசோல் என்று ஒரு மருந்து உலகம் முழுக்கப் பயன்படுகிறது. கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் சிலைக்கு அது சரி. வழிபாட்டில் இருக்கும் உற்சவருக்கு அதைப் பூசினால், அவர்மேல் ஊற்றிய பாலைத் தீர்த்தமாக வாங்கிக் குடிக்கிற பக்தரின் உடம்புக்குள் அது போகுமே! அப்புறம், ஆகமப்படி திருமேனியைத் தொடக்கூடியவர் அர்ச்சகர். கன்சர்வேஷன் படித்த பெண் ஒருவர் அர்த்த மண்டபத்துக்கு வெளியே நின்றுதான் யோசனை சொல்ல முடியும் என்ற நிலையும் பல கோயில்களில் இருக்கிறது. ஆக, படித்தவரின் அறிவும் அர்ச்சகரின் கையும் சேர்ந்து வேலை செய்கிற ஒரு முறையை நாமே உருவாக்க வேண்டும். லக்னோவிலோ லண்டனிலோ இருக்கிற பாடத்திட்டம் இதை நமக்குத் தராது. இங்கே, வழிபாடு நடக்கிற கோயிலின் நிழலில் ஒரு படிப்பு வேண்டும் என்று நான் கேட்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் மொழி. திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதை ஓவியங்கள் இருக்கின்றன. புகையும் தூசியும் மூடி, நீர் கசிந்து கெட்டுக்கொண்டிருந்தவை. பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் (INTACH) அமைப்பு அவற்றைச் சீர்செய்தது. அந்த ஓவியங்களில் காட்சிக்குக் காட்சி தமிழில் விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. புகை படிந்த ஒரு பட்டையைச் சுத்தம் செய்கிறவர் தன் பஞ்சுக்கு அடியில் மங்கலாகத் தெரிகிற கோடு கறையா, ஓர் எழுத்தின் கொம்பா என்று அந்த நொடியில் முடிவு செய்ய வேண்டும். தமிழ் எழுத்தும், அந்தத் தலத்தின் கதையும், அந்தக் காலத்து எழுத்து வடிவமும் தெரிந்தவர் அந்தச் சாரத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய பலம்! சுவடிக்கும் இதேதான். எழுத்தாணிக் கீறல் மங்கிய ஏட்டில் எலுமிச்சைப்புல் எண்ணெயும் விளக்குக் கரியும் தடவித் துடைத்தால் எழுத்து எழுந்து வரும். எந்த ஏட்டுக்கு அதைச் செய்யலாம், எந்த ஏடு அந்தத் துடைப்பைத் தாங்காமல் நரம்போடு பிளக்கும் என்பது கையிலெடுத்துப் பார்த்துப் பழகினால்தான் வரும். கோயில்களில் முடங்கிக் கிடக்கும் ஓலைச்சுவடிகளைத் தேடித் திரட்டும் பணியை உங்கள் துறையே தொடங்கி நடத்தியது, மனதாரப் பாராட்டுகிறேன். திரட்டிய பிறகு அவற்றை வருடம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் ஆட்களைப் பற்றித்தான் இப்போது பேசுகிறேன்.

கல்லைப் பற்றியும் சுவரைப் பற்றியும் உங்கள் துறைக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மணல் பீய்ச்சிக் கல்லைச் ‘சுத்தம்’ செய்ததில் கல்வெட்டு எழுத்துகளின் விளிம்பு போன கதை எல்லோருக்கும் தெரியும்; துறையே அதைத் தடை செய்தது. கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்து இருந்த இடத்தில் சிமெண்ட் பூசினால், சுவர் மூச்சுவிட முடியாமல் உள்ளே ஈரத்தைப் பிடித்துவைத்து, சில வருடங்களில் உப்புப் பூத்துப் பூச்சோடு உதிர்கிறது என்பதும் இன்று பொறியாளர்களுக்குத் தெரியும். ஆனாலும் நடக்கிறது. ஒரு கோயிலில் திருச்சுற்று மாளிகையின் விதானத்தைப் பார்க்கச் சொல்லி என்னை அழைத்தார்கள். போய்ச் சேர்வதற்குள் குடமுழுக்குத் தேதி நெருங்கிவிட்டது என்று எனாமல் பெயின்ட் அடித்து முடித்திருந்தார்கள். ஒரு மூலையில் பெயின்ட் எட்டாத இடத்தில் ஒரு யானையின் துதிக்கையும் பூ வரிசையும் மட்டும் மிச்சம். அதில் இருந்த சிவப்பு காவிக்கல்லின் சிவப்பு. பக்கத்தில் உபயதாரர் பெயர் புதிதாக எழுதியிருந்தது. அங்கே யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை; கோயில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று ஊரே ஆசைப்பட்டது. ‘கொஞ்சம் பொறுங்கள், அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்’ என்று சொல்லும் பொறுப்பும் அதிகாரமும் உள்ள ஒரு அலுவலர் அந்தக் கோப்பில் எங்கேயும் இல்லை.

அந்த அலுவலரைத்தான் கேட்கிறேன்.

துறையில் பொறியாளர்கள் இருக்கிறார்கள், ஸ்தபதிகள் இருக்கிறார்கள், திருப்பணி மதிப்பீட்டைப் பார்க்க வல்லுநர் குழுக்கள் இருக்கின்றன. நல்ல வேலை செய்ய முடியும் என்பதையும் துறை காட்டியிருக்கிறது. திருவரங்கத்துத் திருப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் துக்காச்சி ஆபத்சகாயேசுவரர் கோயிலுக்கு 2024இல் கிடைத்தது. துக்காச்சி சின்ன ஊர். அங்கே பழைய முறையில் பொறுமையாகச் செய்ய முடிந்தது என்றால் மற்ற ஊர்களிலும் முடியும். ஆனால் அதே 2017இல்தான், சென்னை உயர் நீதிமன்றம் கேட்டதன்பேரில் நம் கோயில்களைப் பார்த்த யுனெஸ்கோ குழு, இந்த வேலைக்குத் தகுதி பெற்ற வல்லுநர்கள் துறையில் போதவில்லை என்று எழுதியது. 2021 ஜூனில் உயர் நீதிமன்றம் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காப்பதற்காக 75 கட்டளைகளை வெளியிட்டது. கட்டளைகளை நிறைவேற்ற ஆள் வேண்டும் அல்லவா? நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கோயில்களுக்கு ஒப்பந்தத்தில் வந்துபோகிற எங்களைப் போன்ற சிலர் எப்படிப் போதும்?

சரி, ஆட்களை எங்கே உருவாக்குவது? உங்களிடமே இடம் இருக்கிறது. அறநிலையத் துறை கல்லூரி நடத்துகிறது என்பது பல பெற்றோருக்கு இன்னும் தெரியாது. பூம்புகார்க் கல்லூரி, பழனியில் அருள்மிகு பழனியாண்டவர் பெயரில் உள்ள கல்லூரிகள், குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரி, 2021இல் கொளத்தூரில் தொடங்கிய கபாலீசுவரர் கல்லூரி என்று வரிசையாக இருக்கின்றன. வேதியியல் ஆய்வகம் உள்ளவையும் அவற்றில் உண்டு. இவை தவிர ஓதுவார் பயிற்சிப் பள்ளி, அர்ச்சகர் பயிற்சிப் பள்ளி, நாதஸ்வரம், தவில் பயிற்சிப் பள்ளி என்று கோயிலுக்கு வேண்டியவர்களைக் கோயிலே பயிற்றுவித்து எடுத்துக்கொள்ளும் பழக்கமும் துறைக்கு இருக்கிறது. வேறெந்தத் துறைக்கும் இந்த வாய்ப்பு இல்லை. பாதுகாக்க வேண்டிய பொருளும், படிக்க வைக்கும் கல்லூரியும், வேலைக்கு எடுக்கும் அதிகாரமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

பணியிடம் முதலில் என்று சொன்னதற்கு விளக்கம் இங்கே வருகிறது. ஓதுவார் பள்ளிக்கு ஒரு ஏழை வீட்டுப் பையன் வந்து சேர்கிறான் என்றால், படித்தால் கோயிலில் ஓதுவார் பணியிடம் உண்டு என்று அவன் அப்பாவுக்குத் தெரியும். கன்சர்வேஷனுக்கு அப்படி ஒன்று இல்லாமல் படிப்பை மட்டும் தொடங்கினால், முதல் இரண்டு வருடம் ஆர்வத்தில் சேர்வார்கள், மூன்றாம் வருடம் இடங்கள் காலியாகும், நான்காம் வருடம் ‘மாணவர் சேர்க்கை இல்லை’ என்று படிப்பை மூடிவிடுவார்கள். ஒப்பந்த வேலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். திட்டம் இருக்கும்வரை சம்பளம். முடிந்ததும் அடுத்த திட்டத்துக்குக் காத்திருப்பு. என்னோடு இந்த வேலையைத் தொடங்கிய கெட்டிக்காரர்களில் பலர் கல்யாணம், குழந்தை என்று ஆனதும் மருந்து கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் கையில் இருந்த பழக்கமும் அவர்களோடு போய்விட்டது. அந்தப் பழக்கம் புத்தகத்திலிருந்து திரும்பி வராது.

தமிழ்நாட்டுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று மாணவர்கள் தெரிந்துகொள்வதும் நல்லது, இந்த மடலை அவர்களும் படிப்பார்கள். இந்தியத் தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவுக்குத் தலைமையிடம் டேராடூன். அங்கே தொல்லியல் வேதியியலாளர் பணிகளுக்கு வேதியியல் முதுகலை படித்தவர்களை மத்தியத் தேர்வாணையம் வழியாக எடுக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் சோழர் ஓவியத்தின் மேல் இருந்த நாயக்கர் கால ஓவியத்தைச் சிதையாமல் பிரித்தெடுத்துத் தனியே பலகையில் பொருத்தியது அந்தப் பிரிவின் வேதியியலாளர்கள்தான். லக்னோவில் 1976இல் தொடங்கிய, கலைப்பொருள் பாதுகாப்புக்கான தேசிய ஆய்வகம் இருக்கிறது, மைசூரில் அதன் கிளையும் இருக்கிறது, பயிற்சியும் தருகிறார்கள். தேசிய அருங்காட்சியக நிறுவனமாக டெல்லியில் 1989இல் தொடங்கிய நிறுவனத்தில் கன்சர்வேஷன் முதுகலை படிக்கலாம். கட்டடக்கலை படித்தவர்களுக்குக் கட்டடப் பாதுகாப்பு என்று தனி முதுநிலைப் படிப்பு டெல்லியில் உண்டு. ஐஐடி சென்னையில் பழமையான கட்டடங்களின் உறுதியை ஆராய்வதற்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. ஆவணக் காப்பகங்கள், பழைய நூலகங்கள், தனியார் சேகரிப்புகள், இன்டாக் ஆய்வகங்கள் ஆகியவற்றிலும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். சினிமாவையும் மறந்துவிடக் கூடாது. கோடம்பாக்கத்துப் பழைய படச்சுருள் டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும். அசிட்டேட் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதைப் பார்க்கவும் இதே படிப்புதான்.

கீழடி, சிவகளை அகழாய்வுகள் இன்னொரு அவசரத்தைக் கொண்டுவந்திருக்கின்றன. மண்ணுக்குள் பல நூற்றாண்டு அமைதியாகக் கிடந்த இரும்பு, வெளியே எடுத்த நாளிலிருந்து புதிய காற்றில் வேகமாகத் துருவேறும். தோண்டுகிறவர் பக்கத்திலேயே பாதுகாப்பாளர் இருந்தால் ஈரத்தைக் கட்டுப்படுத்தி, உப்பை வெளியேற்றி, வடிவம் உதிராமல் காப்பாற்றலாம். தமிழர் இரும்பின் தொன்மையைப் பற்றிப் பெருமையோடு பேசுகிறோம். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. அந்த இரும்புத் துண்டு நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் துண்டாகவே இருக்க வேண்டும். இது தொல்லியல் துறையின் பொறுப்பு, உங்களுடையது அல்ல என்பது தெரியும். ஆனால் நீங்கள் படிப்பைத் தொடங்கினால் அவர்களுக்கும் ஆள் கிடைக்கும்.

வெளிநாடுகளிலிருந்து நம் திருமேனிகள் திரும்பி வரும் காலம் இது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவு போய், ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் விலைக்கு வாங்கிய நடராசர் 2014இல் நாடு திரும்பினார். வரவேற்கத்தான் வேண்டும், கண்ணில் நீர் வருகிற தருணம் அது. ஆனால் அங்கே ஈரப்பதம் அளந்து வைத்த அறையில் இருந்தவர் இங்கே எந்த மாதிரி அறையில் இருப்பார், மழைக்காலத்தில் அவர் பாதத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கப்போவது யார் என்று கேட்கிறார்கள் சில வெளிநாட்டுக்காரர்கள். திருமேனிகளைத் திருப்பித் தராமல் இருக்க அந்தக் கேள்வியை ஒரு சாக்காக அவர்கள் வைத்துக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. திருட்டுப் பொருளை வாங்கியவர்களுக்கு அந்தக் கேள்வி கேட்கும் உரிமை கிடையாது. நமக்கு இருக்கிறது. திருவாரூரில் உள்ளதைப் போன்ற உலோகத் திருமேனி பாதுகாப்பு மையங்கள் ஒவ்வொன்றிலும் பூட்டுக்கும் கேமராவுக்கும் காவலருக்கும் துறை செலவிடுகிறது. திருடனிடமிருந்து காக்க அவை போதும். உப்பு உள்ளேயே இருக்கிறதே.

படிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு. அறிவியல் பட்டதாரிகளை மட்டும் எடுக்க வேண்டாம். கும்பகோணத்திலும் சென்னையிலும் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் படித்தவர்களையும், மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் படித்தவர்களையும் பாதிக்குப் பாதி சேருங்கள். வேதியியல்காரருக்குக் கை வராது, கலைக்காரருக்குச் சமன்பாடு வராது. ஒரே மேசையில் உட்கார வைத்தால் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வார்கள். கடைசி ஆறு மாதம் ஏதாவது ஒரு கோயிலிலேயே தங்கி வேலை செய்யட்டும். பாடம் தமிழில் நடக்கட்டும். ஸ்தபதிகளும் சுதை வேலைக்காரர்களும் சுவாமிமலை வார்ப்புக் கலைஞர்களும் மதிப்பூதியத்தோடு ஆசிரியர்களாக வரட்டும். சுண்ணாம்பு எத்தனை நாள் புளிக்க வேண்டும் என்பதை அவர்களை விட்டால் வேறு யாரிடம் கேட்பது? கூடவே, அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளில் திருமேனிப் பராமரிப்பு என்று ஒரு பாடம் சேருங்கள். இதற்குப் பெரிய செலவு கிடையாது. ஆனால் நான் கேட்பவற்றிலேயே சீக்கிரம் பலன் தரக்கூடியது இதுதான்.

பணியிடம் என்று வரும்போது, இணை ஆணையர் மண்டலத்துக்கு ஒருவர் என்று தொடங்கினாலும் போதும். அவரிடம் ஒரு சிறிய வண்டியும், நுண்ணோக்கி, ஈரப்பதமானி, அடிப்படை வேதிப்பொருட்கள் கொண்ட ஒரு பெட்டியும் இருக்கட்டும். திருப்பணி மதிப்பீடு வல்லுநர் குழுவுக்குப் போகும்போது, அந்தக் கோயிலின் ஓவியம், சுதை, கல்வெட்டு, திருமேனி ஆகியவற்றின் நிலை அறிக்கை அவர் கையெழுத்தோடு இணைக்கப்பட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். அறிக்கை இல்லாத மதிப்பீட்டைத் திருப்பி அனுப்புங்கள். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோயில் புதுப்பொலிவு பெற வேண்டும் என்ற மரபில் நான் கை வைக்கவில்லை. வண்ணம் பூச வேண்டிய இடத்தில் பூசட்டும், பூசக்கூடாத இடம் எது என்று முன்கூட்டியே தெரியட்டும்.

ஸ்தபதிகளுக்கு இது போட்டி ஆகிவிடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். புதிதாகச் செய்யத் தெரிந்தவர் ஸ்தபதி. இருப்பதை அப்படியே நிறுத்தத் தெரிந்தவர் பாதுகாப்பாளர். துக்காச்சி போன்ற இடங்களில் மரபறிவும் அறிவியலும் கூடி வேலை செய்ய முடியும் என்று பார்த்தாகிவிட்டது. நிதியைப் பற்றியும் சொல்வார்கள். ஒரு பெரிய கோயிலின் திருப்பணிச் செலவோடு ஒப்பிட்டால் ஒரு மண்டலப் பாதுகாப்பாளரின் ஆண்டுச் சம்பளம் எவ்வளவு என்று உங்கள் கணக்குப் பிரிவே சொல்லிவிடும்.

அடுத்த மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பில் இந்தப் பணியிடத்தின் பெயரையும் எண்ணிக்கையையும் கல்வித் தகுதியையும் சேர்த்து அறிவிக்க வேண்டுகிறேன். அந்த அறிவிப்பு வந்தால், அதே கல்வியாண்டில் துறையின் கல்லூரி ஒன்றில் முதல் அணியைச் சேர்க்கலாம். பாடத்திட்டம் எழுதக் குழு அமைத்தால், இந்த வேலையில் இருக்கும் எங்களில் பலர் ஊதியம் எதிர்பார்க்காமல் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம். நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
காவிரிக் கரையிலிருந்து ஒரு கலைப்பொருள் பாதுகாப்பாளர்